நீளவாக்கில் உட்காரும் குருவி

எந்தக் குருவியும் கிளையில் குறுக்காகத்தான் உட்காரும். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் கரிச்சான்களை நினைத்துப் பாருங்கள். கம்பி ஒரு திசையில் போகும், பறவையின் உடம்பு அதற்குக் குறுக்கே நிற்கும். வால்பாறையில் பெரியம்மா வீட்டுப் பின்புறத்தில் நான் பார்த்த குருவி அப்படி உட்காரவில்லை. கொய்யா மரத்தின் ஒரு சிறு குச்சியில் வந்து இறங்கியது. ஒரு நொடி நின்றது. பிறகு உடம்பைத் திருப்பி, குச்சியோடு குச்சியாக நீளவாக்கில் படிந்தது. பின்பக்கத்தைக் கிளையில் அழுத்தி இப்படியும் அப்படியும் தேய்த்தது. பறந்துவிட்டது. அது இருந்த இடத்தில் கண்ணாடி நூல் மாதிரி ஓர் இழை தொங்கியது. இழையில் கோத்ததுபோல மூன்று விதைகள்.

எச்சம்தான். ஆனால் கொல்லைக் கதவில் சாய்ந்தபடி அதைப் பார்த்த அந்தக் காலையிலிருந்து இன்றுவரை, எந்த மரத்தடியில் நின்றாலும் நான் முதலில் தேடுவது அந்த இழையைத்தான்.

அப்போது மார்ச் மாதம். பொள்ளாச்சியில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்து ஏறி முடித்தபோது ஸ்வெட்டர் தேவைப்பட்டது. பெரியம்மா தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு இப்போது ஊருக்குள் வாடகைக்கு இருக்கிறார். அந்த வாடகை வீட்டின் பின்னால் ஒரு கிழட்டுக் கொய்யா. அதன் கிளைகளில் பாதி கொய்யா இலை, மீதி வேறு இலை. தடித்து, சாம்பல் பூத்த பச்சை. மரக்கிளையில் ஒட்டி வளரும் புல்லுருவி. அந்த வேற்று இலைக் கொத்துக்குள்தான் குருவி நுழைந்து நுழைந்து வந்தது.

"பெரியம்மா, இது என்ன குருவி?" என்று கேட்டேன். அவர் துணி அலசுவதை நிறுத்தவில்லை. காதைக் கொஞ்சம் சாய்த்தார், அவ்வளவுதான்.

"இதுவா கண்ணு? நாள் முழுக்கச் சிக் சிக்குனு கத்திக்கிட்டே கெடக்கும். கொழுந்து கிள்ளும்போது தலைக்கு மேல கேக்கும். இன்னைக்குத்தான் மூஞ்சியப் பாக்கறேன்."

அவர் சொன்னதில் அந்தப் பறவையின் பாதி வாழ்க்கை இருக்கிறது. அதன் உண்மையான வீடு மழைக்காடு. ஆனைமலையின் சோலைக்குள் மரத்தலைகள் முப்பது மீட்டர் உயரத்தில் ஒன்றோடொன்று கூடி நிற்கும். விரலளவுக் குருவி அந்த உச்சியில் புல்லுருவிக் கொத்துக்குள் இருந்தால், கீழே அட்டைக் கடியைச் சொறிந்துகொண்டு நிற்பவருக்குக் குரல் மட்டும்தான் மிச்சம். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாலும் இலைக்கூரையும் அதில் ஓட்டை போட்ட வானமும்தான் தெரியும். தேயிலைக்கு நிழல் தரும் மரங்களுக்கும் வீட்டுக் கொல்லைக் கொய்யாவுக்கும் அது இறங்கி வரும்போதுதான் நமக்கு முகம் கிடைக்கிறது.

முகம் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மேலே மங்கிய ஆலிவ் பழுப்பு, கீழே அழுக்கு வெள்ளை, கண்ணுக்கு மேல் வெளிறிய ஒரு புருவக் கோடு, சற்றே வளைந்த கறுத்த அலகு. அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை அளந்தால் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி. இதன் பெயர் நீலகிரிப் பூங்கொத்தி. பெயரில் நீலகிரி இருந்தாலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகள் நெடுகிலும் உண்டு. ஆனால் இந்தியத் தீபகற்பத்தின் தெற்கு மலைகளைத் தாண்டி உலகில் வேறெங்கும் கிடையாது. மதராஸ் படையில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன்தான் 1840இல் இதை முதலில் விவரித்து எழுதினார். அவர் வைத்த அறிவியல் பெயர் டைசியம் கன்கலர். கன்கலர் என்றால் லத்தீனில் ஒரே நிறம். பாவம், அந்த மனிதருக்கும் சொல்ல வேறு எதுவும் அகப்படவில்லை போலிருக்கிறது.

முற்பாதியான டைசியத்தின் கதைதான் என்னை அதிகம் ஈர்த்தது. பூங்கொத்திப் பேரினத்துக்கு அந்தப் பெயரை 1816இல் சூட்டியவர் பிரெஞ்சு இயற்கையியலாளர் குவியர். ஏலியன் என்ற பழைய உரோமானிய எழுத்தாளர் கிரேக்க மொழியில் எழுதிய நூலில் இந்தியாவின் சிறு பறவை ஒன்று வருகிறது. கவுதாரி முட்டை அளவுதான் இருக்குமாம். தன் எச்சத்தை யாரும் எடுத்துவிடாதபடி மண்ணில் புதைத்து வைக்குமாம். அந்த எச்சம் வலியில்லாமல் உயிரைப் பறிக்கும் நஞ்சாம். அந்தப் பறவையின் பெயரைத்தான் குவியர் எடுத்துக்கொண்டார். ஏலியன் சொன்னது பறவையே அல்ல, சாணத்தை உருட்டிப் புதைக்கும் வண்டாக இருக்க வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் கருதினார்கள். இருக்கட்டும். எச்சத்துக்காகப் பேர்போன ஒரு கற்பனைப் பறவையின் பெயர், எச்சத்தாலேயே ஒரு தாவரக் குலத்தை வாழவைக்கும் பறவைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

புல்லுருவிக்கு மண் தேவையில்லை. அதன் விதை மண்ணில் விழுந்தால் செத்தது. உயிருள்ள ஒரு மரத்தின் கிளையில், அதிலும் பட்டை மெல்லிதாக இருக்கும் இளங்கிளையில் போய் ஒட்டினால்தான் பிழைப்பு. காற்று அதைக் கொண்டுபோகாது, தண்ணீரும் கொண்டுபோகாது. ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும். தூக்கிக்கொண்டு போனால் மட்டும் போதாது, அங்கே ஒட்டவும் வைக்க வேண்டும். அதற்காகவே செய்ததுபோல இருக்கிறது பழம். ஒரே ஒரு விதை, அதைச் சுற்றிப் பசை, பசையைச் சுற்றி இனிப்பான சதை. பூங்கொத்தி பழத்தைப் பிதுக்கித் தோலை உதறிவிட்டு உள்ளே இருப்பதை விழுங்கும். சதை செரிக்கும். பசை செரிக்காது.

அதன் வயிற்று அமைப்பைப் பற்றிப் படித்தபோது, வீட்டில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். தானியம் தின்னும் பறவைகளுக்கு அரைவைப்பை பாதையின் நடுவில் இருக்கிறது. உள்ளே போவதெல்லாம் அந்த ஆலைக்குள் புகுந்து அரைபட்டுத்தான் குடலுக்குப் போக முடியும். பூங்கொத்திகளில் அந்த அரைவைப்பை பாதையின் ஓரத்தில், கிளைச்சாலை மாதிரி ஒதுங்கியிருக்கிறது. பூச்சியும் சிலந்தியும் பையின் பக்கம் திரும்பும். புல்லுருவிப் பழம் திரும்பாமல் நேராகக் குடலுக்கு இறங்கிவிடும். விதைக்கு ஒரு கீறல்கூட விழாது. சில நிமிடங்கள், மிஞ்சினால் அரைமணி நேரம், அவ்வளவுதான் உள்ளே. வெளியே வரும்போதும் பசை அப்படியே இருப்பதால் சும்மா கீழே விழாது. பறவையின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு தொங்கும். தேய்த்துத்தான் கழற்றியாக வேண்டும். நீளவாக்கில் திரும்பி உட்கார்ந்தது அதற்காகத்தான். குச்சிக்குக் குறுக்கே உட்கார்ந்து தேய்த்தால் காற்றைத்தான் தேய்க்க முடியும்.

இந்த உறவு நம் ஊருக்கு மட்டும் சொந்தமானதல்ல. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலக் காடுகளில் பூங்கொத்தியே கிடையாது. அங்கே யூஃபோனியா என்று மஞ்சளும் கருநீலமுமாக ஒரு சிறு பறவை. அதன் அரைவைப்பை சுருங்கி ஒன்றுமில்லாமல் போயிருக்கிறது. அதுவும் புல்லுருவிப் பழம் தின்று, அதுவும் கிளையில் ஒட்டவைக்கிறது. இரண்டுக்கும் நெருங்கிய சொந்தம் எதுவும் இல்லை. இரு வேறு கண்டங்களில் இரு வேறு குடும்பங்களின் குடலை ஒரே பழம் தன் வசதிக்குத் திருத்திக்கொண்டிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் தடித்த அலகுள்ள பூங்கொத்தி ஒன்றும் உண்டு. வாலைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே இருக்கும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அது விதையை விழுங்குவதில்லை. பழத்தை அலகில் உருட்டிச் சதையை மட்டும் தின்றுவிட்டு, அலகில் ஒட்டிய விதையைக் கிளையில் துடைத்துவிடும். வேலை ஒன்றுதான், ஒருவர் வாயால் செய்கிறார், இன்னொருவர் மறுமுனையால் செய்கிறார்.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு, ஒரு சொல் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. புல்லுருவி என்ற சொல்தான்.

நம் மேடைப்பேச்சில் இந்தச் சொல் படும் பாட்டை எல்லோருக்கும் தெரியும். சமூகப் புல்லுருவி, கட்சிக்குள் புகுந்த புல்லுருவி, உழைக்காமல் உறிஞ்சும் புல்லுருவி. செடியை வாழ்நாளில் பார்த்திராதவர்கள்கூட இந்த வசவைச் சொல்லிவிடுவார்கள். மாந்திரீக ஏடுகளில் அதற்கு வேறொரு மரியாதை உண்டு. இன்ன மரத்தில் முளைத்த புல்லுருவியை இன்ன நட்சத்திரத்தில் எடுத்தால் இன்ன பலன் என்று பட்டியல் நீளும். ஈழத்தில் இதைக் குருவிச்சை என்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு மனம் குளிர்ந்தது. வேர்ச்சொல் ஆராய்ச்சி தெரிந்தவர்கள் எப்படிப் பிரிப்பார்களோ, என் காதுக்கு அந்தப் பெயருக்குள் ஒரு குருவி உட்கார்ந்திருக்கிறது.

உழைக்காமல் உறிஞ்சுகிறது என்பது பாதிப் பொய். புல்லுருவியின் இலை பச்சை. வெயிலில் தன் உணவைத் தானே சமைக்கிறது. மரத்திடமிருந்து முக்கியமாக அது எடுப்பது தண்ணீரும் உப்புகளும். அதனால்தான் தாவரவியலில் இதை அரை ஒட்டுண்ணி என்கிறார்கள். மீதிப் பாதி உண்மை என்பதையும் நான் மறைக்கப்போவதில்லை. அந்தத் தண்ணீரைக் கேட்காமல்தான் எடுக்கிறது. கோடையில் மரம் வாடும்போதும் எடுக்கிறது. கொத்துகள் பெருகினால் கிளையின் நுனிப்பகுதி காய்ந்துபோகும்.

அது எங்கள் வீட்டுக்கே தெரிந்த கதை. அப்பாவுக்கு ஆனைமலைப் பக்கம் ஒரு சின்ன மாந்தோப்பு இருக்கிறது. வருஷா வருஷம் காய் இறக்கி முடித்ததும் மரமேறி ஒருவரை வரச்சொல்லிப் புல்லுருவி அறுப்பார். சின்ன வயதில் கீழே விழும் கொத்துகளைப் பொறுக்கி வேலியோரம் போடுவது என் வேலை. மாமரத்தில் தொற்றும் நம் ஊர்ப் புல்லுருவி முந்நூறுக்கும் மேற்பட்ட மர இனங்களில் பிழைக்கக் கூடியது. எங்கள் தோப்பில் அது ஒரே மரத்தில் ஏழெட்டுக் கொத்து இருக்கும், பக்கத்து மரத்தில் ஒன்றுகூட இருக்காது. அப்பா அதற்கு அந்த மரத்தின் ராசி என்பார். இப்போது யோசித்தால் விஷயம் புரிகிறது. குருவி தீனி இருக்கும் இடத்தையே சுற்றிச் சுற்றி வரும். எங்கே தின்கிறதோ அங்கேயே உட்காரும், உட்கார்ந்த இடத்திலேயே தேய்க்கும். கொத்து இருக்கும் மரத்தில்தான் அடுத்த கொத்தும் முளைக்கும்.

சாலிம் அலி இதே கேள்வியோடு கொங்கணத்தில் அலைந்திருக்கிறார். பூங்கொத்திகளும் தேன்சிட்டுகளும் இந்தப் புல்லுருவியைப் பரப்புவதில் என்ன பங்கு வகிக்கின்றன என்று 1931இலேயே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதினார். தேன்சிட்டு பூவுக்கு மட்டும் வருகிறது, பூங்கொத்தி பூவுக்கும் வருகிறது, பழத்துக்கும் வருகிறது. பூவுக்கும் பழத்துக்கும் ஒரே வேலையாளை வைத்துக்கொள்ளும் செடிகள் குறைவு. மகரந்தம் சேர்க்க வண்டு வரும், பழம் தின்ன வௌவால் வரும், அப்படித்தான் பொதுவாக நடக்கும். நீலகிரிக் காடுகளில் புல்லுருவிகளையும் பூங்கொத்திகளையும் ஆராய்ந்த பிரியா தாவிதார் 1983இல் வெளியிட்ட கட்டுரை இதன் அடுத்த படியைச் சொல்கிறது. சில புல்லுருவி இனங்களின் பூ, பழுத்த பழம் போலவே தோற்றம் தருகிறது. பழத்தைத் தேடும் கண்ணுக்குப் பூவும் படும். இப்படிப்பட்ட மொட்டுகள் தாமாக விரிவதில்லை. குருவி நுனியை அலகால் நெருக்கும்போதுதான் பட்டென்று பிளந்து நெற்றியில் மகரந்தத்தை அப்பும். நெற்றியில் பொடி பூசிக்கொண்டு அது அடுத்த கொத்துக்குப் போகும்.

ஒரு பறவையின் அலகு, நெற்றி, குடல், பின்பக்கம் என்று எல்லாவற்றையும் ஒரு செடி தனக்காக எடுத்துக்கொண்டிருக்கிறது. பதிலுக்குப் பறவைக்குத் தேனும் பழமும். இவ்வளவு நெருக்கமான ஏற்பாட்டை உறிஞ்சல் என்ற ஒரே சொல்லில் அடக்க எனக்கு மனம் வரவில்லை.

காட்டுக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் டேவிட் வாட்சன் என்ற சூழலியலாளர் அந்தக் கேள்வியை நேராகவே சோதித்துப் பார்த்தார். நியூ சவுத் வேல்ஸின் தெற்குப் பகுதியில் வயல்களுக்கு நடுவே தனித்து நிற்கும் காட்டுத் துண்டுகள் சிலவற்றில் புல்லுருவி முழுவதையும் வெட்டி அகற்றினார்கள். வேறு சில துண்டுகளை அப்படியே விட்டார்கள். மூன்று வருஷம் கழித்துப் பறவைகளை எண்ணினார்கள். முடிவு 2012இல் வெளிவந்தது. புல்லுருவி எடுக்கப்பட்ட துண்டுகளில் பறவை இனங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போயிருந்தன. போனவை பழம் தின்னும் பறவைகள் மட்டும் என்றால் ஆச்சரியமில்லை. ஆனால் தரையில் பூச்சி பொறுக்கும் பறவைகள்தான் அதிகம் போயிருந்தன. காரணம் இலை. மரம் தன் இலையை உதிர்க்கும் முன் அதிலுள்ள சத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். புல்லுருவி அப்படிச் செய்வதில்லை, சத்தோடு இலையை உதிர்க்கிறது, வருஷம் முழுக்க உதிர்க்கிறது. அந்தச் சருகில் புழுவும் பூச்சியும் பெருகுகின்றன, அவற்றை நம்பித் தரைப் பறவைகள் வாழ்கின்றன. மேலே உறிஞ்சியது கீழே கொடையாக இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அது வறண்ட நாட்டுக் காடு, நம்முடையது மழைக்காடு. அங்கே கண்டதை அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது. ஆனால் வால்பாறையின் நிலைமையை நினைக்கும்போது எனக்கு அந்தச் சோதனை ஞாபகம் வராமல் இருப்பதில்லை. அந்தப் பீடபூமியும் துண்டு துண்டானதுதான். 1890களிலிருந்து காட்டை அழித்துக் காப்பியும் தேயிலையும் வைத்தார்கள். இன்று தேயிலைக் கடலுக்கு நடுவில் தீவுகள் மாதிரி மழைக்காட்டுத் துண்டுகள் நிற்கின்றன. புதுத்தோட்டம் பக்கம் சாலையிலேயே சிங்கவால் குரங்கைப் பார்க்கலாம், அதன் காடும் அப்படி ஒரு துண்டுதான். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் இடையில் தேயிலையின் நிழல் மரங்கள்தான் பாலம். ஒரு பூங்கொத்தி அந்த மரங்களின் மேலாகச் சிக் சிக்கென்று கத்திக்கொண்டு தாண்டிப் போகும்போது, அதன் வயிற்றில் ஒரு துண்டின் விதை இன்னொரு துண்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பெரியம்மா முப்பது வருஷம் கேட்ட சத்தம் அதுதான்.

ஊருக்கு வந்து அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு மாமரம் காய்ப்புக்கு வர எத்தன வருஷம் ஆகும்னு உனக்குத் தெரியுமல்லோ? அத உறிஞ்ச உட்டுப்போட்டு நான் கீழ நின்னு குருவி பாக்கோணுமா?"

"மாமரத்துல உடச் சொல்லலீங்கப்பா."

"வேற எதுல?"

தோப்பு வேலியில் நிற்கும் இரண்டு புங்க மரங்களைச் சொன்னேன். அவற்றிலும் கொத்து இருக்கிறது. மரமேறி அந்த வேகத்தில் அதையும் சேர்த்து அறுத்துவிடுவார். அப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த தடவை அறுப்பு முடிந்து நான் போய்ப் பார்த்தபோது மாமரங்கள் மொட்டையாக, சுத்தமாக நின்றன. புங்க மரங்களில் கை வைத்திருக்கவில்லை. அவர் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன், மாமரத்தில் அறுத்ததும் சேர்த்தே. மாம்பழத்தை விற்று என்னைப் படிக்கவைத்தவர் அவர், அந்தக் கணக்கில் குருவியை நுழைக்க எனக்கு உரிமையில்லை.

பொள்ளாச்சி வீட்டுக்கு வருவது மழைக்காட்டுக் குருவி அல்ல. வெளிறிய அலகுள்ள அதன் சமவெளிச் சொந்தம். அலகு இளஞ்சிவப்பாக இருக்கும், புருவக் கோடு இருக்காது, மற்றபடி அதே ஆலிவ் நிறம், 8 சென்டிமீட்டர் உடம்பு. இந்தியாவின் மிகச்சிறிய பறவைகளில் ஒன்று. எதிர்வீட்டுத் தேன்பழ மரம்தான் அதற்குச் சத்திரம். அந்த மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் தெருவோரங்களில் நிலைத்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் கீழே பொறுக்குவார்கள், குருவி மேலே தின்னும். வேலியோரப் புங்கனிலோ வேறெங்கோ புல்லுருவிப் பழத்தையும் தின்றுவிட்டு வருகிறது என்பது எங்களுக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது.

எங்கள் கொல்லையில் துணி காயப்போட ஒரு கம்பி கட்டியிருக்கிறோம். மாசியில் ஒருநாள் காலை அதில் ஒரு விதை ஒட்டியிருந்தது, பக்கத்தில் அதே கண்ணாடி இழை காய்ந்துபோய். விரலால் தொட்டேன். இரும்போடு இரும்பாக இறுகியிருந்தது. எடுத்துப் போட்டுவிடலாம் என்று நினைத்து, விட்டுவிட்டேன். பத்து நாளில் விதையின் ஒரு முனையிலிருந்து பச்சையாக ஒரு முளை வந்தது. தலை தடித்த சிறு குச்சி. வெளிச்சத்தைப் பார்த்து நீளவில்லை. வளைந்து கம்பியின் பக்கம் திரும்பியது. அதன் தட்டையான தலை கம்பியில் படிந்து, பட்டையைத் தேடுவதுபோல அழுத்திக்கொண்டு நின்றது.

அங்கே பட்டை இல்லை, சாறும் இல்லை. விதைக்குள் இருக்கும் சேமிப்பு எத்தனை நாள் வருமோ அத்தனை நாள்தான். அம்மாவிடம் சொன்னேன். வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். அன்றிலிருந்து அப்பாவின் வேட்டியை அந்த இடத்தில் போடுவதில்லை, ஒரு சாண் தள்ளியே காயப்போடுகிறாள்.